மண்ணே முதல் கண்மாய்

2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 சதவீதம் குறைவாகப் பெய்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அரசு அறிவித்தது. ஏழு ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. தமிழகம் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெறும் மழையே ஏறத்தாழ 92 செ.மீ.தான். அந்த மழையில் தென்மாவட்டக் கண்மாய்கள் பலவற்றின் கரைகள் உடைந்தன. விதைத்திருந்த மானாவாரி நிலங்களிலிருந்து பயிரோடு சேர்ந்து மேல்மண்ணும் ஓடைகளின் வழியே வெளியேறியது.

வறட்சிக்கு ஒரு நிவாரணம், வெள்ளத்துக்கு ஒரு நிவாரணம் என்று இரண்டையும் தனித்தனிப் பேரிடர்களாகக் கருதுவது நிர்வாகத்தின் வழக்கம். மானாவாரி உழவருக்கு இவை இரண்டும் ஒரே கேள்வியின் இரு முகங்கள். பெய்யும் மழையில் எவ்வளவு நிலத்துக்குள் இறங்குகிறது, ஓடும் நீர் எவ்வளவு மண்ணை எடுத்துச் செல்கிறது என்பதே அந்தக் கேள்வி. இந்தியாவின் நிகரச் சாகுபடிப் பரப்பில் ஏறத்தாழப் பாதி இன்றும் மழையை மட்டுமே நம்பியிருக்கிறது. பருப்பு வகைகள், சிறுதானியங்கள், எண்ணெய் வித்துகள் பெரும்பாலும் இங்கிருந்தே வருகின்றன.

இந்தக் கேள்வியை இப்போது எழுப்புவதற்குக் காரணம் இருக்கிறது. பிரதமரின் வேளாண் பாசனத் திட்டத்தின்கீழ் நடைபெறும் நீர்வடிப்பகுதி மேம்பாட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2021-22 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு வகுக்கப்பட்டது. மகாத்மா காந்தி ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கு மாற்றாக ‘விபி-ஜி ராம் ஜி’ சட்டத்தை நாடாளுமன்றம் 2025 டிசம்பரில் நிறைவேற்றியது. மானாவாரி நிலங்களில் மண்வேலைக்குப் பணமும் ஆளும் வருகிற இரண்டு பெரிய வழிகளும் ஒரே சமயத்தில் மறுவரையறைக்கு உள்ளாகின்றன. அடுத்த பத்தாண்டுகளுக்கு எதைச் செய்யப்போகிறோம் என்பது இப்போது தீர்மானிக்கப்படும்.

ஒரு மழையின் கணக்கு

ஓர் ஏக்கர் நிலத்தில் 50 மி.மீ. மழை பெய்தால் அதன்மேல் விழும் நீர் ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் லாரிகளில் ஏற்றினால் இருபது லாரிகள் வேண்டும். ஐப்பசியில் ஒரே இரவில் பெய்துவிடக்கூடிய மழைதான் இது. அதில் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்கினால் பயிர் இரண்டு மூன்று வாரம் தாங்கும். ஓடிவிட்டால் பத்து நாளில் வாடத் தொடங்கும்.

ஆழமான கரிசல் மண் ஒரு மீட்டர் ஆழத்துக்குள் பயிர் எடுத்துக்கொள்ளத்தக்க நீராக 150 மி.மீட்டருக்கும் மேல் தேக்கிவைக்க வல்லது. ஏக்கர் கணக்கில் அது 6 லட்சம் லிட்டர். ஒப்பீட்டுக்கு, 30 மீட்டர் நீள அகலமும் 2 மீட்டர் ஆழமும் கொண்ட பண்ணைக்குட்டை கரைகள் செங்குத்தாக இருந்தால்கூட 18 லட்சம் லிட்டருக்கு மேல் கொள்ளாது; கரைகளைச் சரிவாக வெட்டுவதால் உண்மையான கொள்ளளவு இன்னும் குறைவு. ஆக, மூன்று ஏக்கர் கரிசல் மண் ஒரு குட்டைக்குச் சமம். குட்டைநீர் வெயிலில் ஆவியாகும். அதைப் பயிருக்குக் கொண்டுவர இயந்திரம் வேண்டும். மண்ணில் தங்கிய நீரோ வேரின் அருகிலேயே இருக்கிறது. குட்டை வேண்டாம் என்பது இதன் பொருளன்று. பூக்கும் பருவத்தில் மூன்று வாரம் மழை நின்றுவிட்டால் குட்டையிலிருந்து பாய்ச்சும் ஒரு தண்ணீர் மகசூலையே காப்பாற்றும். ஆனால், முதல் கண்மாய் மண்தான். குட்டையும் ஊர்க் கண்மாயும் அதற்குப் பின்னால் வருபவை.

அந்த முதல் கண்மாய் நிறைவதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. காய்ந்து வெடித்த கரிசல் முதல் மழையை வெடிப்புகளின் வழியே வேகமாக உள்வாங்கும். நனைந்து உப்பிய பிறகு அதே மண் நீரை மிக மெதுவாகவே ஏற்கும். செம்மண்ணில் மழைத்துளியின் அடியால் மேற்பரப்பு இறுகி ஓடு கட்டிக்கொள்ளும். இரண்டிலும் நீர் சரிவை நோக்கி ஓடத் தொடங்கியதும் மண்ணைக் கூட்டிக்கொண்டு போகும். போவது வெறும் மண் அல்ல. சத்தும் மக்கும் மிகுந்த, நீரைப் பிடித்துவைக்கும் மேலடுக்கு. அதை இழந்த நிலம் அடுத்த ஆண்டு அதே மழையில் இன்னும் குறைவாகவே நனையும்.

நாடு முழுவதற்கும் 1983இல் செய்யப்பட்ட மதிப்பீடு இன்றளவும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆண்டுக்கு 533 கோடி டன் மண் இடம்பெயர்கிறது. ஹெக்டேருக்கு 16 டன்னுக்குச் சற்று மேல். இதில் 29 சதவீதம் கடலுக்குப் போகிறது; 10 சதவீதம் அணைகளில் படிகிறது; எஞ்சிய 61 சதவீதம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாறிக் கிடக்கிறது. நம் ஓடைகளையும் கண்மாய்களையும் மேடாக்கியிருப்பது இந்த மண்தான். கண்மாய் தூர்ந்துவிட்டது என்று நாம் வருந்தும்போது, மேட்டில் ஒரு புஞ்சை மெலிந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

முன்னோர் அறிந்த வரிசை

மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் போகும் வழியெல்லாம் அதை மெதுவாக்கி இறக்கிவிடுவதே பழைய முறையின் சாரம். அது நிலத்துக்குள் தொடங்கியது. சித்திரையில் கோடைமழை விழுந்ததும் உழுது புழுதியாக்கிவிடுவார்கள். உழவுச்சால் சரிவுக்குக் குறுக்கே ஓடும். கோடை உழவு களையையும் மண்ணுக்குள் உறங்கும் புழுக்களையும் அழிப்பதுடன், பருவமழையின் முதல் பாட்டத்தை உள்வாங்கவும் நிலத்தைத் தயாராக்கியது. புழுதியை நன்கு உணக்குவதன் பயனை வள்ளுவர் உழவு அதிகாரத்தில் தனிக் குறளாகவே சொல்லியிருக்கிறார்.

அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுக்கிடை போடுவார்கள். செம்மண் புஞ்சைக்குக் கோடையில் கண்மாயின் கரம்பையை வண்டி வண்டியாக அடிப்பார்கள். மழையோடு இறங்கிப்போன மண்ணைத் திரும்ப மேட்டுக்குக் கொண்டுசேர்க்கும் வேலை அது. கம்புடன் துவரை, பருத்தியுடன் உளுந்து என்ற கலப்பு விதைப்பு, தரை வெறுமையாகக் கிடக்கும் நாட்களைக் குறைத்தது. வரப்பில் நின்ற பனைகள் அதன் மண்ணைப் பிடித்துவைத்தன. கர்நாடகத்தின் குண்டல்பேட்டைப் பகுதி உழவர்கள் நில எல்லைகளில் வெட்டிவேர்ப் புதர்களைத் தலைமுறைகளாக வைத்திருந்தார்கள். 1980களில் உலக வங்கியின் வல்லுநர்கள் அரிப்பைத் தடுக்கும் எளிய வேலியாக வெட்டிவேரைப் பல நாடுகளுக்குப் பரிந்துரைத்தபோது முன்னுதாரணமாக நின்றவற்றுள் இதுவும் ஒன்று.

நிலத்தில் தங்காத நீருக்கு அடுத்த ஏற்பாடு இருந்தது. ஓடை, வரத்துக்கால், கண்மாய். கண்மாய் நிறைந்தால் கலிங்கு வழியே அடுத்த ஊர்க் கண்மாய். தமிழகத்தின் ஏறத்தாழ 39 ஆயிரம் ஏரிகளும் கண்மாய்களும் இவ்வாறு சங்கிலியாகக் கோக்கப்பட்டவையே அதிகம். விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் புன்புலத்தால் அரசனுக்குப் பயனில்லை, பள்ளம் கண்ட இடங்களில் நீரைத் தளைத்து நிறுத்து என்று புறநானூற்றில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு எடுத்துரைத்தார். நீர்த்தேக்கத்தை ஆட்சியின் கடமையாகக் கண்ட பார்வை அது.

இந்த ஏற்பாட்டை ஆண்டுதோறும் உயிருடன் வைத்தது, அதைப் பேணுவதற்கான ஆளும் கூலியும் முன்னரே வகுக்கப்பட்டிருந்ததுதான். மடை திறக்க நீர்க்கட்டி. அவருக்கு அறுவடையில் ஒரு பங்கு. வரத்துக்கால் வெட்டக் குடிமராமத்து. இதைப் பொற்காலமாக வரைந்துகொள்வதும் பிழை. நீர்க்கட்டிப் பணி பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரின் தோளில் வைக்கப்பட்ட சுமை. உழைத்தவர்களில் பலருக்கு நீர் பாயும் நிலம் சொந்தமில்லை. குடிமராமத்து தளர்ந்தபோது அதைக் கட்டாயமாக்க 1858இல் சென்னை மாகாண அரசு கொண்டுவந்த கட்டாய உழைப்புச் சட்டமும் பலன் தரவில்லை. அந்தப் பழைய கட்டாயம் திரும்பக்கூடாது. பராமரிப்புக்குப் பொறுப்பான ஆளும் உரிய ஊதியமும் வேண்டும் என்ற நெறி மட்டும் திரும்ப வேண்டும்.

ஆராய்ச்சி சேர்த்த பாடம்

நவீன அறிவியல் இந்தத் துறைக்குப் புதிதாக வந்ததன்று. புணே அருகே மாஞ்சரியில் 1923இல் புன்செய் ஆராய்ச்சி தொடங்கியது. 1930களில் சோலாப்பூர், பிஜாப்பூர், ராய்ச்சூர், ரோத்தக், அன்றைய சென்னை மாகாணத்தின் பெல்லாரி மாவட்டத்தில் இருந்த ஹகரி ஆகிய ஐந்து இடங்களுக்கு அது விரிந்தது. சம உயர வரப்பு, ஆழ உழவு, தொழுவுரம், இடைவெளிவிட்ட விதைப்பு ஆகியன அன்றைய பரிந்துரைகள். 1970இல் அகில இந்திய ஒருங்கிணைந்த மானாவாரி வேளாண் ஆராய்ச்சித் திட்டம் உருவானது. நூற்றாண்டு கடந்த கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் அதன் மையங்களுள் ஒன்றானது.

அந்த ஆராய்ச்சிகள் தந்த முதல் பாடம், ஒரே மருந்து எல்லா மண்ணுக்கும் ஆகாது என்பது. செம்மண்ணில் நன்றாக வேலை செய்த சம உயர வரப்பு ஆழமான கரிசலில் தோற்றது. வரப்பின் பின்னே நீர் தேங்கிப் பயிர் அழுகியது; காய்ந்தபோது வரப்பே வெடித்து, அடுத்த மழையில் உடைந்தது. நிலத்தைக் கோணலாக வெட்டிச் சென்றதால் உழவர்கள் பல இடங்களில் அதைக் கலைத்துவிட்டார்கள். கரிசலுக்கு வேண்டியது நீரை முற்றிலும் மறிக்கும் வரப்பு அல்ல. மெல்லச் சரிந்து மிகுநீரைப் பாதுகாப்பாக வெளியேற்றும் வரப்பு என்பது பிறகே தெளிவானது. நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து மழையை விழுந்த இடத்திலேயே நிறுத்தும் பகுதிப்பாத்தி, ஆழச்சால் அகலப்பாத்தி, இறுகிய அடிமண்ணைப் பிளக்கும் உளிக்கலப்பை ஆகியன அடுத்தடுத்து வந்தன.

ஐதராபாத் அருகே பட்டஞ்சேருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனம் 1976 முதல் கரிசல் மண்ணில் நடத்திவரும் நீண்டகால ஆய்வு இத்துறையில் முக்கியமானது. அகலப்பாத்தி, மேம்பட்ட விதை, அளவான உரம், சோளத்துடன் துவரை ஆகியவற்றை ஒருங்கே கையாண்ட நிலம் பல்லாண்டுச் சராசரியில் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 5 டன் தானியம் தந்தது. மழைக்காலத்தில் தரிசாக விட்டுப் பின்பட்டத்தில் மட்டும் விதைக்கும் வழக்கமான முறையில் கிடைத்தது ஏறத்தாழ ஒரு டன். மண் இழப்பும் புதிய முறையில் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. இந்த விளைச்சல் முழுவதும் பாத்தியால் மட்டும் வந்ததன்று. விதைக்கும் உரத்துக்கும் அதில் பங்குண்டு. ஆனால், மண்ணில் நீர் தங்கினால்தான் விதையும் உரமும் பலன் தரும்.

பழையதும் புதியதும் சந்தித்த இடத்துக்கு நம் கரிசல் நிலமே சான்று. பருவமழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பது தென்மாவட்ட உழவர்கள் அறிந்த முறை. மழை ஏமாற்றினால் விதை போய்விடும் என்பது அதன் ஆபத்து. விதையைப் பொட்டாஷ் உப்புக் கரைசலில் ஊறவைத்து நிழலில் உலர்த்திக் கடினப்படுத்துவதும், மழைத் தரவுகளைக் கொண்டு விதைப்பு வாரத்தைக் கணித்துச் சொல்வதும் அந்த ஆபத்தைக் குறைத்தன. உழவரின் துணிவுக்கு அறிவியல் துணை நின்றது.

எண்ணப்படுவது எது?

அறிவுக்குப் பஞ்சமில்லை என்றால், மண் ஏன் இன்னும் ஓடுகிறது? முதன்மையான காரணம், திட்டங்கள் எண்ணக்கூடியதையே செய்கின்றன என்பது. தடுப்பணையை நிழற்படம் எடுக்கலாம். பண்ணைக்குட்டைக்குப் பெயர்ப்பலகை வைக்கலாம். இத்தனை லட்சம் என்று கணக்குக் காட்டலாம். சரிவுக்குக் குறுக்கே உழுத நிலத்தையும், இரண்டு ஆண்டுகளில் மக்குச்சத்து கூடிய மண்ணையும், உடைப்பு அடைக்கப்பட்ட வரப்பையும் அப்படிக் காட்ட முடியாது. அதனால் வரிசை தலைகீழாகிறது. மேட்டில் மண்ணை நிறுத்தாமல் பள்ளத்தில் தடுப்பணை கட்டப்படுகிறது. சில மழைக்காலங்களில் அது வண்டலால் நிறைகிறது. பின்னர் தூர்வார மீண்டும் ஓர் ஒப்பந்தம்.

மராட்டிய மாநிலத்தின் அனுபவம் ஓர் எச்சரிக்கை. கேட்டவர்க்கெல்லாம் பண்ணைக்குட்டை என்ற நோக்கில் 2016இல் அங்கு ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. பல வட்டாரங்களில் அந்தக் குட்டைகள் பிளாஸ்டிக் விரிப்பு போடப்பட்டு, மழைநீருக்குப் பதிலாகக் கிணற்றிலிருந்தும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்தும் இறைத்து நிரப்பப்பட்டன. எல்லோருக்கும் பொதுவான நிலத்தடி நீர், வசதி படைத்தவர்களின் திறந்தவெளித் தொட்டிகளுக்கு மாறியது. அதில் ஒரு பகுதி ஆவியாகவும் போனது. குட்டைகளின் எண்ணிக்கை உயர்ந்தது. நிலம் சேர்த்துவைத்த நீர் உயரவில்லை.

இரண்டாவது காரணம் நிலவுடைமை. நீர் சரிவின்படி ஓடுகிறது. பட்டா அப்படி ஓடுவதில்லை. மேலே இருப்பவர் வரப்பை விட்டுவிட்டால் கீழே இருப்பவரின் வரப்பு தாங்காது. நீண்டு ஒடுங்கிய துண்டு நிலத்தில் டிராக்டர் நீளவாக்கில்தான் ஓடும். சரிவும் அதே வாக்கில் இருந்துவிட்டால் ஒவ்வொரு சாலும் ஒரு சிறு ஓடையாகிறது. வாடகைக்கு வரும் டிராக்டருக்கு மணிக் கணக்கில் கூலி. குறுக்கே உழச் சொன்னால் நேரமும் செலவும் கூடும். கால்நடைகள் குறைந்ததால் தொழுவுரம் குறைந்தது. கிடை போடும் வழக்கமும் சுருங்கியது. வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவர், ஐந்தாண்டு கழித்துப் பலன் தரும் வேலையில் தம் பணத்தை ஏன் போட வேண்டும்? வெளியூரில் இருக்கும் உரிமையாளரின் நிலத்தில் சீமைக்கருவேலம் அடர்ந்து வரத்துக்கால் மறைந்துபோனால் யாரிடம் முறையிடுவது?

மூன்றாவது காரணம் பராமரிப்பு. 2017 மார்ச்சில் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கியது. முதல் கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் எடுக்கப்பட்டன. பணி நடந்த ஆண்டில் நீர் நின்ற ஊர்கள் உண்டு. ஆனால், திட்டம் என்பது வருவதும் போவதும். வரத்துக்காலில் மண் விழுவது ஒவ்வோர் ஆண்டும். ஆண்டுதோறும் செய்ய வேண்டிய சிறு வேலைக்குச் சில ஆயிரம் ரூபாய் ஊரில் கிடைப்பதில்லை. அது பெரும் பழுதானபின் பல லட்சம் ரூபாய்க்கு மதிப்பீடு தயாராகிறது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை வயலகம் என்ற பெயரில் கண்மாய் உழவர் சங்கங்களை வளர்த்தெடுத்த அனுபவம், ஊரார் தாமே கூடிப் பேணுவது இயலாத காரியமன்று என்பதைக் காட்டுகிறது. அதற்கு ஆண்டுக்கணக்கான பொறுமையான அமைப்புப் பணி வேண்டும்; அதைத் திட்டங்கள் செலவுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கால்வாய் வரட்டும் என்று காத்திருக்கலாம் என்போரும் உண்டு. காவிரி - வைகை - குண்டாறு இணைப்புக்கு 2021இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அது நிறைவேறினால் தென்மாவட்டக் கண்மாய்கள் பலவற்றுக்கு நன்மையே. ஆனால், கால்வாய் நீர் பள்ளத்து நஞ்சைக்குத்தான் முதலில் வரும். மேட்டுப் புஞ்சைக்கு அப்போதும் மழைதான் தண்ணீர்.

இப்போது செய்யத்தக்கவை

சில நல்ல தொடக்கங்கள் கண்முன் இருக்கின்றன. கண்மாய் வண்டலைக் கட்டணமின்றி எடுக்க, மாவட்ட ஆட்சியர் வரை போகாமல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று 2024இல் தமிழக அரசு விதியைத் தளர்த்தியது. கரம்பை அடிக்கும் பழைய வழக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஊக்கம் இல்லை. ஆயினும், வண்டலின் பெயரால் சவுடு மண் அள்ளப்படுவதைத் தடுப்பது எப்போதும் கடினமாகவே இருந்துவருகிறது. எடுத்த மண் எந்தப் புல எண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைக் கிராம சபையில் ஆண்டுதோறும் படித்துக்காட்டினால் முறைகேடு தானே குறையும்.

2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கை கோடை உழவுக்கு ஹெக்டேருக்கு 2,000 ரூபாய் வீதம் 3 லட்சம் ஏக்கருக்கு 24 கோடி ரூபாய் ஒதுக்கியது. சித்திரைப் புழுதிக்கு அரசு பணம் தருவது வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால், 2016இல் அறிவிக்கப்பட்ட நீடித்த மானாவாரி வேளாண்மை இயக்கம் இலக்காகக் கொண்டதே 25 லட்சம் ஏக்கர். அதில் எட்டில் ஒரு பங்குகூட இது இல்லை. பரப்பை விரிவுபடுத்துவதோடு ஒரு நிபந்தனையையும் சேர்க்க வேண்டும். உழவு சரிவுக்குக் குறுக்கே இருந்தால் மானியம் கூடுதலாகக் கிடைக்கட்டும். ஒரே சரிவில் அடுத்தடுத்த நிலக்காரர்கள் சேர்ந்து உழுதால் இன்னும் கூடுதலாகக் கிடைக்கட்டும். கூடிச் செய்ய வேண்டிய வேலைக்குத் தனித்தனியே மானியம் தருவதுதான் இதுவரை நடந்த தவறு. குத்தகை உழவர்கள் கிராம நிர்வாக அலுவலரின் சாகுபடிச் சான்றைக் கொண்டே இதைப் பெற வழி செய்ய வேண்டும்.

நீர்வடிப்பகுதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் செலவு வரம்பைச் சமவெளிக்கு ஹெக்டேருக்கு 12 ஆயிரத்திலிருந்து 22 ஆயிரம் ரூபாயாக உயர்த்தியது. திட்டக் காலத்தை 3 முதல் 5 ஆண்டுகளாகச் சுருக்கியது. முதல் மாற்றம் சரி. இரண்டாவதை மறுபரிசீலனை செய்ய வேண்டும். மண் தேறுவதற்கும் ஊர் கூடுவதற்கும் மூன்று ஆண்டு போதாது. அடுத்த கட்டத்தில் பணத்தின் ஒரு பகுதியை, கட்டி முடித்து மூன்று மழைக்காலம் கழிந்து, கட்டியவை வேலை செய்கின்றனவா என்று பார்த்தபின் விடுவிக்கும் ஏற்பாடு வேண்டும். நீர்வடிப்பகுதி மேம்பாட்டு நிதி என்ற பெயரில் பராமரிப்புக்கென்று ஒரு நிதி வழிகாட்டு நெறிகளில் இருக்கிறது. அதன் இருப்பும் செலவும் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதப்பட வேண்டும்.

புதிய வேலை உறுதிச் சட்டம் 100 நாளை 125 ஆக உயர்த்துகிறது. நீர்ப் பாதுகாப்புப் பணிகளை முதன்மைப் பிரிவாகக் குறிப்பிடுகிறது. செலவில் 40 சதவீதத்தைப் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்றும், விதைப்பு, அறுவடை உச்சத்தில் இருக்கும் காலத்தில் மொத்தம் 60 நாள் பணிகளை நிறுத்திவைக்க மாநிலங்கள் அறிவிக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. மாநிலங்களின் நிதிச்சுமை பற்றிய விவாதம் ஒருபுறம் இருக்க, மானாவாரிக்கு அந்த 60 நாள் எது என்பதே முக்கியமான வினா. காவிரிப் படுகையில் குறுவை நடவு ஜூனில் தொடங்கும். கரிசலில் புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. தை, மாசியில் அறுவடை. வரப்பு போடவும் வரத்துக்கால் வெட்டவும் அங்கே ஏற்ற காலம் பங்குனி முதல் ஆவணி வரைதான். டெல்டாவை மனத்தில் வைத்து மாநிலம் முழுவதற்கும் ஒரே அறிவிப்பு வந்தால், கரிசலில் மண்வேலை நடக்க வேண்டிய நாட்களே அடைபட்டுப்போகும். அறிவிப்பு வேளாண் மண்டலவாரியாக, முடிந்தால் வட்டாரவாரியாக அமைய வேண்டும்.

அதே சட்டத்தின்கீழ், ஒவ்வோர் ஓடைக்கும் ஒரு பராமரிப்பாளரை நியமிப்பது பற்றி மாநிலங்கள் ஆராயலாம். ஆண்டுக்குச் சில வார வேலை: மழைக்கு முன் வரத்துக்காலைத் துப்புரவாக்குவது, ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் உடைப்புகளைக் குறித்து அடைப்பது. பழைய நீர்க்கட்டியின் வேலைதான் இது. பிறப்பால் சுமத்தப்படாமல், ஊரார் தேர்ந்தெடுத்து, சட்டப்படி ஊதியம் பெறும் வேலையாக அது அமையும். ஊரக வேலைத் தளங்களில் பெரும்பாலும் பெண்களே நிற்கிறார்கள். எங்கே நீர் தேங்கும், எங்கே அரிக்கும் என்பதை நன்கறிந்தவர்களும் அவர்கள்தான். இந்தப் பொறுப்புக்கு அவர்களைவிடத் தகுந்தவர்கள் இல்லை.

இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. பெரும்பணமும் தேவையில்லை. இப்போது செலவாகும் பணம் மேட்டிலிருந்து தொடங்கட்டும். கட்டுவதற்கு ஒதுக்கும்போதே காப்பதற்கும் ஒதுக்கட்டும். வேலை நடக்கும் நாட்களை மழையின் கணக்கு தீர்மானிக்கட்டும். அடுத்த பருவமழை குறைவாக வருமா, ஒரே நாளில் கொட்டுமா என்பதை நாம் முடிவுசெய்ய முடியாது. அது விழும்போது மண் அதை ஏற்கத் தயாராக இருக்குமா என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. அதற்கான வேலை ஐப்பசியில் அல்ல, சித்திரையில் தொடங்குகிறது.